கவரைத் தூக்கிப் போடாதே, கண்ணு!

ஏற்காடு மலையில் நாகலூர் ரோட்டில் மளிகைக் கடை வைத்து எனக்கு 22 வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் ஒரு வாடிக்கைக்காரிக்குப் பதில் சொல்ல முடியாமல் நான் விழித்துக்கொண்டு நின்றது ஒரு நாள்தான். செம்மநத்தம் பக்கத்துப் பொண்ணு, இடுப்பில் கைக்குழந்தை, கையில் எவர்சில்வர் டப்பா. பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கடைக்கு வந்தாள்.

"அக்கா, பேப்பர்ல போட்டிருக்கிற மாவு இதுதானா?" என்று மூடியைத் திறந்து காட்டினாள்.

ஒரு கம்பெனி தன் சத்துமாவில் ஒரு பேட்சை, அதாவது ஒரே தடவையில் தயாரித்த சரக்கை மட்டும் திரும்பப் பெறுவதாக அன்றைக்குச் செய்தி வந்திருந்தது. அந்த மாவை நானும் விற்றிருந்தேன். என் கடைக்கு அது இரண்டு முறையாக வந்தது. ஒன்று அந்தப் பேட்ச், மற்றது வேறு. இவளுக்கு எதைக் கொடுத்தேன் என்று எப்படித் தெரியும்?

"கவர் எங்க கண்ணு?"

"அன்னைக்கே அடுப்புல போட்டுட்டேன்க்கா."

டப்பாவை வாங்கி முகர்ந்து பார்த்தேன். வறுத்த பயறு வாசனை நன்றாகவே இருந்தது. நிறத்திலும் குறை இல்லை. கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். மாவைப் பார்த்து என்ன தெரியும்? இரண்டு பேட்சும் ஒரே மாதிரிதான் இருக்கும். "குழந்தைக்குக் கொடுக்காதே, கொட்டிடு" என்று சொல்லிக் காசைத் திருப்பிக் கொடுத்தேன். காப்பிப் பழம் பறித்த கூலியில் வாங்கிய மாவு அது. அவள் காசை வாங்கிக்கொண்டாலும் முகம் தெளியவில்லை. நான்கு நாளாகக் குழந்தைக்கு அதைத்தான் காய்ச்சிக் கொடுத்திருக்கிறாள். கொடுத்தது கெட்டதா நல்லதா என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ஒரு வாரம் அவள் தூங்கியிருக்க மாட்டாள்.

அதனால்தான் என் தங்கச்சிகளுக்கு முதலில் சொல்வது, பொருள் தீருகிற வரைக்கும் கவரைத் தூக்கிப் போடாதே.

திரும்பப் பெறுவது என்றால் என்ன?

'ரீகால்' என்று டிவியில் சொல்கிறார்களே, அது பொருளைத் திரும்பப் பெறுவது. ஒரு கம்பெனி தயாரித்த உணவில் தப்பு இருப்பதாகத் தெரிந்தால், கடையில் இருப்பதையும் நம் வீட்டில் இருப்பதையும் அவர்களே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். 2006-ல் வந்த உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. ஏன் எடுக்கிறோம் என்ற காரணத்தையும் சொல்லி, அதிகாரிகளுக்கும் தெரிவித்து, உடனே எடுக்க வேண்டும். அதை எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு 2017-ல் தனி விதிமுறையே வந்தது.

இதோடு குழப்பிக்கொள்கிற இன்னும் இரண்டு சொல் உண்டு, பறிமுதலும் தடையும். அதிகாரிகள் வந்து மண்டியிலோ ஆலையிலோ சரக்கை அள்ளிக்கொண்டு போனால் அது பறிமுதல். ஒரு வகைப் பொருளையே யாரும் விற்கக் கூடாது என்று அரசு சொன்னால் அது தடை. 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி சாயம் இருந்ததால் பஞ்சு மிட்டாய்க்குத் தமிழ்நாட்டில் வந்தது தடை. பச்சை முட்டையில் அடிக்கிற மயோனைசுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு வந்ததும் தடைதான். தடை வந்தால் எந்தக் கடையில் வாங்கியதும் ஆகாது. திரும்பப் பெறுவதாகச் செய்தி வந்தால், 'எந்தப் பேட்ச்?' என்று கேட்க வேண்டும்.

2025 ஜனவரியில் நடந்ததைப் பார். பதஞ்சலி ஃபுட்ஸ் கம்பெனியின் மிளகாய்த் தூளில் பூச்சிமருந்து அளவுக்கு மேல் இருந்ததால், ஒரு பேட்சைத் திரும்பப் பெறச் சொல்லி மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. 200 கிராம் பாக்கெட், மொத்தம் சுமார் 4 டன். கணக்குப் போட்டால் 20,000 பாக்கெட் வருகிறது. வாங்கிய கடையிலேயே கொடுத்து முழுக் காசையும் வாங்கிக்கொள்ளலாம் என்று கம்பெனியும் அறிவித்தது. அதே பெயரில், அதே கவரில் வந்த மற்ற மிளகாய்த் தூளுக்கெல்லாம் அந்த உத்தரவு இல்லை. மிளகாய்த் தூளை வாங்கின கையோடு கண்ணாடிப் பாட்டிலில் கொட்டிக் கவரைக் கசக்கி எறிந்தவர்களுக்கு அந்தச் செய்தியால் பயம் வந்திருக்கும், பயன் இருந்திருக்காது.

முழுப் பொருளையுமே திரும்ப எடுத்ததும் உண்டு. 2015 ஜூனை நான் மறக்க மாட்டேன். உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கி என்ற ஊரில் 2014-ல் எடுத்த மேகி சாம்பிளில் ஈயம் 17.2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 17.2 பங்கு) என்று பரிசோதனையில் சொன்னார்கள். இருக்கலாம் என்ற அளவு 2.5. ஜூன் 4 அன்று தமிழ்நாடு அரசு மேகியோடு இன்னும் சில நூடுல்ஸையும் சேர்த்து மூன்று மாதத்துக்குத் தடை செய்தது. மறுநாள் மத்திய ஆணையம் மேகியின் 9 வகைகளையும் திரும்பப் பெறச் சொன்னது. 30,000 டன்னுக்கு மேல் நாடெங்கும் திரும்பிப் போய், சிமெண்ட் ஆலைச் சூளைகளில் எரிந்தது. என் கடையில் தோரணமாய்த் தொங்கிய பாக்கெட்டுகளை நானே அவிழ்த்துப் பெட்டியில் போட்டுக் கட்டி வைத்தேன்.

மீதிக் கதையையும் சொன்னால்தான் நியாயம். ஆகஸ்ட் 13 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் மத்திய ஆணையத்தின் உத்தரவை ரத்து செய்து, அங்கீகாரம் பெற்ற மூன்று பரிசோதனைக் கூடங்களில் மறுபடி பார்க்கச் சொன்னது. ஈயம் அளவுக்குள் இருப்பதாக முடிவு வந்தது. நவம்பரில் மேகி திரும்பக் கடைக்கு வந்தது. இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. திரும்பப் பெறச் சொல்லியிருக்கிற நாளில் அதைச் சாப்பிடாதே, விற்காதே. மறுபரிசோதனையில் சரி என்று வந்த பிறகு அதை விஷம் என்று பேசிக்கொண்டும் திரியாதே. இன்னொன்றையும் கவனி. சாம்பிள் எடுத்தது 2014, செய்தி வந்தது 2015. அந்தச் சாம்பிள் எடுத்த சமயத்தில் வாங்கிய பாக்கெட்டெல்லாம் எப்போதோ வெந்து வயிற்றுக்குள் போயிருக்கும். பேப்பரில் ஒன்றும் வரவில்லை, அதனால் நல்லது என்று நினைத்துவிட முடியாது.

மலைக்குச் செய்தி ஏறுவதற்குள்

நம் மலைக்குச் சரக்கு எப்படி வருகிறது? சேலம் லீ பஜாரிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் எடுத்து, அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறது. கம்பெனிச் சரக்கு லைன் வண்டியில் வரும். ஏற்காடு டவுனில் ஒண்டிக்கடைப் பக்கம் இருக்கிற கடைகளுக்கு லைன் வண்டி தவறாமல் வந்துவிடும். மாரமங்கலம், தலைச்சோலை, வெள்ளக்கடை உள்கிராமத்துக் கடைக்காரர்கள் அந்தக் கடைகளிலிருந்துதான் ஐந்து பாக்கெட், பத்து பாக்கெட்டாக வாங்கிப் போகிறார்கள். திரும்ப எடுக்கச் சொல்லி கம்பெனி ஏஜென்சிக்குச் சொல்லும், ஏஜென்சி எனக்குச் சொல்லும். என்னிடம் பத்து பாக்கெட் வாங்கிப் போனவருக்கு யார் சொல்வது? அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி எங்கேயும் எழுதப்படுவதில்லை.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்ததே, அப்போது பழைய சரக்கைத்தான் எல்லோரும் விற்றோம், வேறு வழியில்லை. அந்த மாதிரி நாட்களில் தேதி பார்க்காமல் எதையும் வாங்காதே. மின்சாரமும் போய்விட்டிருந்தால் பால், தயிர், பன்னீர், ஐஸ்கிரீம் பக்கமே போகாதே. உருகித் திரும்ப உறைந்த ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் ஒரு பக்கமாகச் சரிந்து, மேலே பனிப் பூ பூத்திருக்கும். தேதி சரியாக இருந்தாலும் அது வேண்டாம்.

சட்டம் என் மாதிரிக் கடைக்காரருக்கும் ஒரு பொறுப்பு வைத்திருக்கிறது. சரக்கை யாரிடம் வாங்கினேன் என்று சொல்ல முடியாவிட்டால் அதற்கு நான்தான் பொறுப்பு. தேதி முடிந்ததை விற்றாலும் நான்தான் பொறுப்பு. உள்கிராமத்தில் கடை வைத்திருக்கிறாய் என்றால் இதை மனதில் வை. துண்டுச் சீட்டாக இருந்தாலும் பரவாயில்லை, யாரிடம் எந்தத் தேதியில் எடுத்தாய் என்று எழுதி வாங்கி ஒரு கம்பியில் குத்தி வை.

கத்தரிக்கோலை எந்தப் பக்கம் வைப்பது

பேட்ச் நம்பரை எங்கே அச்சடிக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறாயா? பெரிய எழுத்தில் பெயர், படம், இலவசம் எல்லாம் முன்னால் இருக்கும். பேட்ச் நம்பரும் தேதியும் பெரும்பாலும் மேல் விளிம்பில், மடிப்பு மடிப்பாக ஒட்டியிருக்கிற இடத்தில், கறுப்புப் புள்ளி எழுத்தில் இருக்கும். நாம் கத்தரிக்கோலை வைப்பதும் அதே விளிம்பில்தான். ஒரு வெட்டு, நம்பர் குப்பைக்குப் போய்விடும். அதனால் வெட்டும் முன் நம்பர் எந்தப் பக்கம் என்று பார்த்து, அதற்கு எதிர்ப் பக்கத்தை வெட்டு. எண்ணெய்க் கை பட்டால் அந்த எழுத்து அழிந்துபோகும். எண்ணெய்ப் பாக்கெட்டில் ரொம்பவே சீக்கிரம் அழியும். வாங்கி வந்ததும் துடைத்து, செல்போனில் ஒரு படம் எடுத்துவிடு. முன்பக்கம் ஒன்று, நம்பர் இருக்கும் பக்கம் ஒன்று, இரண்டு படம் போதும்.

டப்பாவில் கொட்டித்தான் வைப்பேன் என்றால், நம்பர் இருக்கும் துண்டை மட்டும் வெட்டி டப்பாவின் வெளியே ரப்பர் பேண்ட் போட்டுச் செருகு. உள்ளே போடாதே, கவரில் இருக்கும் மையும் அழுக்கும் மாவில் படும். பழைய மாவு கொஞ்சம் மீதி இருக்கும்போது அதன் மேலேயே புதுப் பாக்கெட்டைக் கொட்டுகிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. அதை விட்டுவிடு. பழையதைத் தனியாக ஒரு கிண்ணத்தில் எடுத்து, டப்பாவைத் துடைத்துவிட்டுப் புதியதைக் கொட்டு. இரண்டு பேட்ச் கலந்துவிட்டால் ஒன்று கெட்டது என்று வந்தாலும் இரண்டும் போய்விடும்.

கவரில் 14 இலக்கத்தில் ஓர் எண் இருக்கும். அது உணவுப் பாதுகாப்பு உரிம எண். அது தயாரிப்பாளருக்கு உரியது, பேட்சுக்கு உரியது இல்லை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. அந்த எண் உண்மையா என்று 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியில் அடித்துப் பார்க்கலாம். பேட்ச் என்று போடாமல் லாட் நம்பர், கோட் நம்பர் என்றும் போட்டிருப்பார்கள். எல்லாம் ஒன்றுதான்.

மருந்துப் பாட்டிலுக்கும் இதையே செய், அங்கே இது இன்னும் முக்கியம். 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் குழந்தைகள் இறந்தபோது, காஞ்சிபுரத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்தைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எடுத்துப் பரிசோதித்தது. எஸ்ஆர்-13 என்ற பேட்சில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நஞ்சு 48.6 சதவீதம் இருந்தது. இருக்கலாம் என்ற அளவு 0.1 சதவீதம். அந்த மாதம் எத்தனை தாய்மார்கள் அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்து, ஒட்டியிருந்த தாளில் அந்த எண்ணைத் தேடியிருப்பார்கள்! லேபிள் கிழிந்த பாட்டிலை வீட்டில் வைத்துக்கொள்ளாதே.

செய்தி வந்த அன்று

வாட்ஸ்அப்பில் வந்ததும் பத்து பேருக்கு அனுப்பாதே. நான்கு விஷயம் அதில் இருக்கிறதா பார். கம்பெனி பெயர், பொருளின் பெயர், எத்தனை கிராம் பாக்கெட், பேட்ச் நம்பர் அல்லது தேதி. நான்கும் இல்லாமல் 'எல்லோருக்கும் ஷேர் செய்யவும்' என்று மட்டும் இருந்தால், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. மத்திய ஆணையத்தின் தளத்திலோ கம்பெனியின் தளத்திலோ செய்தித்தாளிலோ வந்திருக்கிறதா என்று படிக்கிற பிள்ளைகளைப் பார்க்கச் சொல். கவரில் கஸ்டமர் கேர் நம்பர் இருக்கும். அதற்குப் போன் செய்து, நம்பரைச் சொல்லிக் கேட்டுவிடலாம்.

உன் பாக்கெட் அதுதான் என்றால், ருசி பார்க்காதே. 'கொஞ்சம் வாயில் போட்டுப் பார்க்கிறேன், கசந்தால் தெரிந்துவிடும்' என்பது நம் பாட்டிமார்கள் வழி. கெட்டுப்போன பாலுக்கு அது சரி. ஈயத்துக்கும் பூச்சிமருந்துக்கும் நாக்கில் ஒன்றும் தெரியாது.

'நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டால் போதும்' என்று என் கடையில் நின்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்! இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். ஈயம் ஓர் உலோகம், எவ்வளவு கொதித்தாலும் அப்படியேதான் இருக்கும். பூச்சிமருந்து எச்சத்தைச் சமையல் சூடு முழுவதுமாகப் போக்கிவிடாது. வேர்க்கடலையில் பூஞ்சை பிடித்தால் வருகிற அஃப்ளாடாக்சின் வறுத்தாலும் முழுவதும் போகாது. கிருமிகள் சூட்டில் செத்துப்போகும், உண்மைதான். ஆனால் பால்கோவா, கிரீம் கேக் மாதிரிப் பண்டங்களில் சில கிருமிகள் கக்கி வைத்த நஞ்சு, அவை செத்த பிறகும் கொதிநீரைத் தாங்கி நிற்கும். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரத்திலேயே வாந்தி வருகிறதே, அது பல சமயம் அதனால்தான். இதில் நம் மலைக்கு மட்டும் ஒரு விஷயம் இருக்கிறது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், சேலத்தில் மாதிரி 100-ஐ நெருங்காது. குமிழ் வந்துவிட்டது, எல்லாம் செத்திருக்கும் என்று இங்கே சொல்ல முடியாது. இறைச்சி, முட்டை, சூடு பண்ணும் மீதிக் குழம்பு எல்லாவற்றுக்கும் இன்னும் கொஞ்ச நேரம் அடுப்பில் கொடு. திரும்பப் பெறச் சொன்ன பொருளை மட்டும் அடுப்புப் பக்கமே கொண்டு போகாதே.

சூடும் பார்வையும் காட்டிக்கொடுக்காத இன்னொரு காரணம் உண்டு. உள்ளே வேர்க்கடலையோ பாலோ கோதுமையோ இருக்கும், கவரில் போட்டிருக்க மாட்டார்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அதுவே ஆபத்து. வெளிநாடுகளில் இதற்காகவே நிறையப் பொருள்களைத் திரும்ப எடுக்கிறார்கள். உன் வீட்டில் பிரச்சினை இல்லை என்று அந்த பிஸ்கெட்டை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடாதே.

பதறவும் வேண்டாம். 2024 ஏப்ரலில் சிங்கப்பூர் அரசு எவரெஸ்ட் மீன் குழம்பு மசாலாவைத் திரும்பப் பெறச் சொன்னது. எத்திலீன் ஆக்சைடு என்று, மசாலாப் பொருளில் கிருமி வராமல் புகை போடப் பயன்படுத்துகிற ஒன்று அதில் அளவுக்கு மேல் இருந்தது. அதற்கு முன்பே ஹாங்காங் அரசு அந்த மசாலாவோடு எம்டிஎச் கம்பெனியின் மூன்று மசாலாக்களையும் சேர்த்துச் சொல்லியிருந்தது. அப்போது சிங்கப்பூர் அதிகாரிகள் மக்களுக்குச் சொன்னது, உடனே உயிருக்கு ஆபத்து இல்லை, நாள்பட்டுச் சாப்பிட்டால்தான் கெடுதல் என்பது. நேற்று சாப்பிட்டுவிட்டேனே என்று ராத்திரி முழுக்க அழ வேண்டாம். இன்றையிலிருந்து நிறுத்து, அது போதும். அந்த வாரம் என் கடைக்கு வந்து, சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்கு நான் கட்டிக் கொடுத்த நம் ஏற்காட்டு மிளகும் ஆபத்தா என்று ஓர் அம்மா கேட்டார்கள். வெயிலில் காய்ந்த மிளகுக்கும் அந்த மசாலாப் பெட்டிக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

இப்போது அந்தப் பாக்கெட்டை என்ன செய்வது? வாயைக் கட்டு. இன்னொரு பையில் போடு. மேலே பெரிதாகச் 'சாப்பிடாதே' என்று எழுதிப் பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் வாயாலும் சொல்லிவிடு. மாமியார் அவசரத்துக்கு எடுத்துக் கொட்டிவிடுவார்கள். மாட்டுக்கும் கோழிக்கும் நாய்க்கும் போடாதே, கெட்டது பால் வழியாகவும் முட்டை வழியாகவும் உன் வீட்டுக்கே திரும்பி வரும். தோட்டத்தில் கொட்டாதே, மலைப்பாதை ஓரத்தில் வீசாதே. குரங்கு கவரைப் பிரித்துத் தின்னும். உப்பு வாசனைக்குக் காட்டெருமை வந்து பிளாஸ்டிக்கோடு மெல்லும். கிருமியால் திரும்பப் பெற்ற பொருளாக இருந்தால் அது இருந்த ஃபிரிட்ஜ் தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவு. லிஸ்டீரியா என்ற கிருமி ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும்.

பிறகு வாங்கிய கடைக்குக் கொண்டு போ. பிரித்த பாக்கெட்டாக இருந்தாலும் கொண்டு போகலாம். பில் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் கேள். கடைக்காரர் முகத்தைச் சுளித்தால் சண்டைக்குப் போகாதே. லைன் வண்டியில் டேமேஜ் சரக்கோடு சேர்த்து அவரும் திருப்பிக் கொடுக்கலாம், அவருக்கும் நஷ்டம் இல்லை, இதை எடுத்துச் சொல். கொடுப்பதற்கு முன் நம்பரைப் படம் எடுத்துக்கொள். கடையில் முடியாவிட்டால் கஸ்டமர் கேருக்குப் போ. அதற்கும் மேலே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

சாப்பிட்டு உடம்புக்கு வந்துவிட்டால்

கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர்கள், சர்க்கரை நோயாளி என்றால் காத்திருக்காதே. இங்கிருந்து சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு இறங்க ஒரு மணி நேரமாவது ஆகும், ராத்திரிப் பனியில் இன்னும் கூடும். வாந்தி பேதி தொடங்கியதும் உப்புச் சர்க்கரைக் கரைசலை மிடறு மிடறாகக் கொடு. முதலில் ஏற்காடு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போ, அல்லது 108-ஐக் கூப்பிடு. போகும்போது கவரையும் கையில் எடுத்துக்கொள். என்ன சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு வாந்தி வந்தது, கூடச் சாப்பிட்டவர் யார், இந்த நான்கையும் வண்டியில் போகும்போதே ஒரு தாளில் எழுதிவிடு. மீதி இருக்கும் பண்டத்தைக் கொட்டிவிடாமல் சுத்தமான டப்பாவில் மூடி ஃபிரிட்ஜில் தனியாக வை, அதிகாரிக்குச் சாம்பிள் வேண்டும். அந்தப் பொருளால்தான் பாதிப்பு என்று நிரூபணமானால் தயாரித்தவரோ விற்றவரோ நஷ்டஈடு தர வேண்டும் என்று 65-ஆவது பிரிவு சொல்கிறது. உயிர் போயிருந்தால் அது 5 லட்சத்துக்குக் குறையக் கூடாது. கவரும் மருத்துவச் சீட்டும் கையில் இல்லாமல் அதைக் கேட்டு வாங்குவது கஷ்டம்.

நம்பரே இல்லாத பொருள்

இங்கே எனக்கு மனதில் பெரிய கவலை இருக்கிறது. ஏரிக்கரைப் பக்கமும் கோடை விழாவிலும் நம் ஊரில் விற்பது எல்லாம் என்ன? வீட்டுச் சாக்லேட், தேன், ஜாம், ஊறுகாய், அரைத்த காப்பித் தூள், உதிரி மிளகு, சிப்ஸ். பாதிக்கு மேல் வெறும் பிளாஸ்டிக் பையில் கட்டியது. பெயர் இல்லை, தேதி இல்லை, நம்பர் இல்லை. நாளைக்கு அந்தத் தேனில் தப்பு என்று தெரிந்தால், சென்னைக்கும் பெங்களூருக்கும் வாங்கிப் போனவரை யார் தேடிச் சொல்வது? சின்ன ஓட்டல் திரும்பப் பெறும் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று விதியும் கட்டாயப்படுத்தவில்லை. அங்கே நம்மைக் காப்பது நம் கண்தான்.

கீழே சேலத்தில் வெல்லத்தைப் பார். ஓமலூர், காடையாம்பட்டிப் பக்கத்து ஆலைகளில் சர்க்கரையும் வெளுப்பதற்கு ஹைட்ரோஸும் கலந்ததாக எத்தனையோ முறை டன் கணக்கில் பறிமுதல் செய்திருக்கிறார்கள். பொங்கல் நெருங்கினால் செவ்வாய்ப்பேட்டை மண்டியிலும் சோதனை நடக்கும். பறிமுதல் ஆனது சரி. அதற்கு முந்தின வாரம் அதே ஆலையிலிருந்து விற்றுப்போன அச்சுவெல்லம் எந்தெந்த வீட்டுப் பானையில் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. வெல்லம் பளிச்சென்று மஞ்சளாக இருந்தால் எடுக்காதே. கரும்பழுப்பாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக இருப்பதை வாங்கு.

நீயே செய்து விற்கிறாய் என்றால் உனக்கும் இது பொருந்தும் கண்ணு. சுயஉதவிக் குழுவில் ஊறுகாய் போடும் தங்கச்சிகள் நிறையப் பேர் என் கடைக்குச் சரக்குக் கொடுக்கிறார்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள். பாட்டிலில் உன் பெயர், ஊர், போட்ட தேதி, எத்தனை நாள் வரும், எத்தனையாவது தடவை போட்டது என்று ஒரு நம்பர், இத்தனையும் எழுது. ஒரு நோட்டில் 'நம்பர் 7: எலுமிச்சை 10 கிலோ, எண்ணெய் இன்ன கடை, கொடுத்தது இன்னார் இன்னாருக்கு' என்று வைத்துக்கொள். ஒரு பாட்டிலில் பூஞ்சை வந்தால் ஏழாம் நம்பரை மட்டும் திரும்ப எடுத்துவிடலாம், உன் பெயர் கெடாது. காப்பித் தூளில் சிக்கரி கலந்தால் எத்தனை சதவீதம் என்று எழுது. காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

புகார் எழுதத் தயங்காதே

தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறைக்கு வாட்ஸ்அப் எண் 94440 42322. சொன்னவர் பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள். 'அந்தக் கடை சரியில்லை, நடவடிக்கை எடுங்கள்' என்று மட்டும் அனுப்பினால் அவர்களால் என்ன செய்ய முடியும்? இப்படி எழுது: 'ஏற்காடு, இன்ன தெரு, இன்ன கடை. இன்ன தேதி மாலை வாங்கிய இன்ன பிஸ்கெட், 100 கிராம், பேட்ச் இது, தேதி இது. பிரித்தபோது உள்ளே பூஞ்சை. பாக்கெட் என்னிடம் இருக்கிறது. படம் இணைத்திருக்கிறேன்.' இவ்வளவு இருந்தால் உணவுப் பாதுகாப்பு அலுவலர் நேரே அந்த அலமாரிக்குப் போவார்.

நீயே பரிசோதனைக்குக் கொடுக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. வாங்கும்போதே 'இதைப் பரிசோதனைக்குக் கொடுக்கப் போகிறேன்' என்று கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். கட்டணம் கட்டினால் 14 நாளில் அறிக்கை தருவார்கள். தப்பு என்று வந்தால் கட்டணம் உனக்கே திரும்ப வரும். தமிழ்நாட்டில் இருக்கும் ஆறு அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்களில் ஒன்று நம் சேலத்தில்தான் இருக்கிறது.

அந்தச் செம்மநத்தம் பொண்ணு இப்போதும் என் கடைக்கு வருகிறாள். அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகிறது. சாமான் கட்டும்போது ஒவ்வொரு பாக்கெட்டாகத் திருப்பி, நம்பர் இருக்கிற விளிம்பைத் தேடிக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பாள். அழிந்திருந்தால், "இது வேணாங்க்கா, வேற குடுங்க" என்பாள். நானும் வேறு எடுத்துக் கொடுப்பேன். திரும்பப் பெறச் செய்தி வந்தால் பேப்பரை வெட்டிக் கல்லாப் பக்கத்துக் கம்பியில் குத்தி வைக்கிறேன். யார் வீட்டுக்கெல்லாம் அந்தப் பொருள் போயிருக்கும் என்று கடன் நோட்டைப் புரட்டி, போன் நம்பர் இருப்பவர்களைக் கூப்பிட்டுச் சொல்கிறேன். நம்பர் இல்லாதவர்களுக்கு அந்த ஊர்ப் பஸ் கண்டக்டரிடம் சீட்டு எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.